தோற்கத் தெரிந்தவனுக்கே முதலிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் வழக்கமாக ஒரு மருத்துவரோ ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரோ வந்து பேசுவார். இன்றைக்கு ரெஸ்லிங் பார்த்தே வளர்ந்த ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, உலகத்திலேயே பெரிய ரெஸ்லர் யார்? வரிசைப்படுத்திச் சொல்லுங்கோ."

திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் ஆபத்து. அண்டர்டேக்கரை முதலாவதாகச் சொல்லாவிட்டால் உப்புவெளியில் இருந்து மூதூர் வரைக்கும் கோபிக்க ஆள் இருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம். வானொலியை மூட வேண்டாம், காரணத்தையும் சொல்கிறேன்.

"அதெல்லாம் பொய்ச்சண்டைதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. 1989 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில சட்டசபைக்கு முன்னால் ரெஸ்லிங் நடத்தும் டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனமே இது பொழுதுபோக்கு, போட்டி அல்ல என்று ஒத்துக்கொண்டுவிட்டது. விளையாட்டுக்கான வரியும் கட்டுப்பாடுகளும் வேண்டாம் என்பதற்காகச் சொன்ன உண்மை அது. சரி, யார் வெல்வது என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அதனால் என்ன? பாரதக் கூத்தில் வீமன்தான் கடைசியில் வெல்வான் என்று தெரிந்துகொண்டுதானே பாயை விரித்து விடிய விடிய இருந்தோம்? துரியோதனனாக ஆடுபவர் நன்றாக ஆடினால்தான் வீமனுக்கே மரியாதை.

என் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. வெற்றி என்பது எழுதிக் கொடுக்கப்படுவது என்றால், எத்தனை முறை வென்றார், எத்தனை சாம்பியன் பெல்ட் வைத்திருந்தார் என்று எண்ணுவதில் பெரிய அர்த்தம் இல்லை. ஜோன் சீனா 17 தடவை உலகச் சாம்பியன், ரிக் ஃபிளேர் 16 தடவை என்பார்கள். ஃபிளேரின் கணக்கிலேயே சண்டை இருக்கிறது. சிலர் அதைவிடக் கூடுதலாக எண்ணுகிறார்கள். இந்த எண்கள் எல்லாம் அலுவலகத்தில் இருந்து எழுதினவர்கள் கொடுத்தவை. றிங்குக்குள் இறங்கும் ஆளின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எதிரே நிற்பவனைப் பெரியவனாகக் காட்டுவது. அதிலும் தோற்கும்போது.

நாங்கள் சின்ன வயதில் வரிசைப்படுத்தப் பழகியது டிரம்ப் காட்டில், அதாவது ரெஸ்லர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டில். அந்தச் சீட்டுக்கட்டு ஞாபகம் இருக்கும். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, அப்புறம் "ராங்க்". யோகோசூனா காட் கையில் வந்தால் எடையைச் சொல்லி அடுத்தவனுடைய கட்டையே அள்ளிவிடலாம். கட்டில் ஹல்க் ஹோகனும் அண்டர்டேக்கரும் யாரிடம் இருக்கிறார்கள் என்று கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்போம். பள்ளிக்கூடத்தில் பறிபோன கட்டுகள் எத்தனையோ. அந்த ராங்கை யார் போட்டது, எந்தக் கணக்கில் போட்டது என்று எவரும் கேட்டதில்லை. காட் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கும் தேநீர்க் கடையில் இந்தப் பேச்சு வந்தால், நரைத்த தலைகள்கூட அந்தக் காட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகின்றன. உயரம், எடை, பெல்ட். த கிரேட் காலி என்ற ரெஸ்லர் இரண்டு மீற்றருக்கு மேல் உயரம், நம் பக்கத்து நாடான இந்தியாக்காரர், 2007 இல் உலகச் சாம்பியன். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருடைய ஒரு சண்டையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்றால் எதைப் போடுவீர்கள்?

என் முதலாம் இடம் கனடாக்காரர் பிரெட் ஹார்ட்டுக்கு. இளஞ்சிவப்பும் கறுப்பும் உடுத்தி, தன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசைப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போவாரே, அவர்தான்.

அவர் தோற்ற சண்டைகளைப் பாருங்கள். 1992 ஓகஸ்ட், லண்டன் வெம்ப்ளி மைதானம். எதிரில் பிரிட்டிஷ் புல்டோக். பிரெட்டின் தங்கையைக் கட்டியவர், ஆக மச்சான் முறை. சொந்த நாட்டில், நிரம்பி வழியும் மைதானத்தில், மச்சான் வெல்ல வேண்டும். ஆனால் சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே புல்டோக்குக்கு மூச்சு வாங்கி, பேசி வைத்தது எல்லாம் மறந்துபோய்விட்டது என்று பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் முழுச் சண்டையையும் காதுக்குள் சொல்லிச் சொல்லியே நடத்திக்கொண்டு போனாராம். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சண்டையை இன்னொரு தடவை பாருங்கள். புல்டோக் தடுமாறுவதை ரசிகர்கள் களைப்பு என்று நினைக்கிறார்கள், வீரம் என்று நினைக்கிறார்கள். கடைசியில் தோற்றது பிரெட். பெயர் எடுத்தது மச்சான்.

வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 1994 இல், சொந்தத் தம்பி ஓவனிடம் தோற்றார். அன்றைய முதல் சண்டையே அது. அண்ணனின் நிழலில் நின்ற ஓவன் அந்த ஒரு சண்டையோடு முன்வரிசை வில்லன் ஆகிவிட்டார். அதே இரவின் கடைசியில் பிரெட் யோகோசூனாவிடம் இருந்து உலகச் சாம்பியன் பட்டத்தையும் எடுத்தார். ஆனால் எவரும் பேசுவது முதல் சண்டையைப் பற்றித்தான்.

1997 மார்ச்சில் சிகாகோவுக்குப் பக்கத்தில் நடந்த ரெஸில்மேனியாவைச் சொல்லாமல் போக முடியாது. எதிரில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஒஸ்டின். தோல்வியை ஒத்துக்கொள்ள வைப்பவருக்கே வெற்றி என்ற விதி. பிரெட் தன்னுடைய ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஒஸ்டினைப் போட்டு இறுக்குகிறார். ஒஸ்டினின் முகம் முழுக்க இரத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பப் பார்க்கிறார், ஆனால் தோல்வியை ஒத்துக்கொள்ளும் அடையாளமாகக் கையைத் தட்டவே இல்லை. அப்படியே மயங்கிப் போகிறார். வென்றது பிரெட். ஆனால் நல்லவனாக உள்ளே வந்த பிரெட் கெட்டவனாக வெளியே போனார். கெட்டவனாக வந்த ஒஸ்டின், தோற்றுப்போய் நொண்டி நொண்டி நடந்து போகையில் அரங்கமே அவர் பெயரைக் கத்தியது. அடுத்த சில வருடங்களுக்கு அந்தத் தொழிலையே தூக்கி நிறுத்தியவர் ஒஸ்டின். ஒரே சண்டையில் இரண்டு பேரும் இடம் மாறுவது சும்மா நடக்காது. ஒருவர் தன் நல்ல பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும், மற்றவர் தோல்வியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒஸ்டினுக்கு என் பட்டியலில் ஐந்தாம் இடம், அந்த மயக்கத்துக்காகவே.

இரண்டாம் இடம் ரிக் ஃபிளேருக்கு. நேர்மையாகப் பார்த்தால் என்னுடைய கணக்குக்கு மிகவும் பொருந்துபவர் அவர்தான். 80களில் அவர் ஊர் ஊராகப் போகும் சாம்பியன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு உள்ளூர் நாயகன் இருப்பான். அவனை ஒரு மணிநேரம் வரைகூட வெல்ல விடுவது போல விட்டு, அடி வாங்கி, கெஞ்சி, கடைசியில் எப்படியோ பெல்ட்டோடு தப்பிப் போவதுதான் அவர் வேலை. ஊர்ச் சனம் "இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் நம்மட ஆள் வென்றிருப்பான்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அடுத்த தடவையும் டிக்கெட் விற்கும். 1975 இல் விமான விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இனி இந்தத் தொழில் இல்லை என்று டாக்டர்கள் சொன்ன மனிதர் இத்தனையும் செய்தார். 1989 இல் ரிக்கி ஸ்டீம்போட்டோடு அவர் மோதிய மூன்று சண்டைகளும் இன்றைக்கும் பாடம். அப்படியென்றால் ஏன் இரண்டாவது? ஃபிளேர் எந்த ஆளோடு மோதினாலும் அதே கெஞ்சல், அதே கம்பத்தில் புரண்டு விழுவது, அதே முகம் குப்புற விழுவது. பிரெட் ஆளுக்கு ஏற்ப வேறு சண்டை போட்டார். என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு மயிரிழை.

சரி, அண்டர்டேக்கர். ஏழு உயிர் என்ற கதை கேட்காத பிள்ளை நம் ஊரில் இருந்திருக்காது. அந்தக் கதைக்கு வேர் இருக்கிறது. 1994 ஜனவரியில் யோகோசூனாவோடு சவப்பெட்டிச் சண்டை. ஒரு கூட்டமே சேர்ந்து அண்டர்டேக்கரைப் பெட்டிக்குள் போட்டு மூடியது. பிறகு அவருடைய உருவம் அரங்கத்தின் கூரைக்கு மேலே எழும்பிப் போனது. மாதக்கணக்கில் ஆளைக் காணவில்லை. ஓகஸ்டில் பார்த்தால் இரண்டு அண்டர்டேக்கர்கள் வந்து நின்றார்கள்! உண்மையில் அவர் முதுகுக் காயத்துக்கு ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் டெக் வாடகைக்கு எடுத்து, கசெட்டில் முன்னும் பின்னுமாகத் துண்டு துண்டாகப் பார்த்த நமக்கு அந்த விளக்கத்தை யார் சொன்னது? ஒரு கசெட்டில் செத்தவர் அடுத்த கசெட்டில் நடந்து வந்தார். ஏழு உயிர் இல்லாமல் எப்படி?

ரெஸில்மேனியாவில் 21 தடவை தோற்காதவர். நான் மதிப்பது 22ஆவதை. 2014 ஏப்ரல், நியூ ஓர்லியன்ஸ். ப்ரொக் லெஸ்னர் அமுக்கிப் பிடிக்க, நடுவர் மூன்று எண்ணிவிட்டார், அண்டர்டேக்கர் தோற்றார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் வாயைத் திறந்தபடி நின்றது. அந்த இரவில் அண்டர்டேக்கருக்குத் தலையில் அடிபட்டு, அன்றைய நாளே நினைவில் இல்லாமல் போனது என்று பின்னால் சொன்னார். சண்டை என்னவோ நல்ல சண்டை இல்லை. அதற்குத்தான் மூன்றாவது. 2009 இல் ஷோன் மைக்கல்ஸோடு மோதியதைப் போல இன்னும் நாலைந்து சண்டை இருந்திருந்தால் மேலே வைத்திருப்பேன். மைக்கல்ஸுக்கு ஆறாம் இடம். ஆள் கெட்டிக்காரர், ஆனால் இளமையில் தோற்பதற்கு அவ்வளவு இஷ்டம் காட்டாதவர்.

நான்காம் இடத்தைக் கேட்டால் ஹோகன் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அது ஆந்த்ரே த ஜயன்டுக்கு. 1987 மார்ச், மிச்சிகன் மாநிலத்தில் கூரை மூடிய மைதானம். 93,173 பேர் என்று நிறுவனம் சொல்லும், அவ்வளவு இல்லை என்பவர்களும் உண்டு. ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்ட அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. ஆனால் ஆந்த்ரே அப்போது முதுகு அறுவைச் சிகிச்சை செய்து அதிக நாள் ஆகாத மனிதர். உடல் நிற்காமல் வளரும் நோய் வேறு. நிற்பதே வலி. அந்த ஆளுக்கு விருப்பம் இல்லாவிட்டால் எவராலும் தூக்கியிருக்க முடியாது. தூக்க விட்டார். ஹோகனின் பெயர் அந்த ஒரு தூக்கில் உச்சிக்குப் போனது. ஆந்த்ரே 1993 இல் 46 வயதில் காலமானார். ஹோகன் எனக்குப் பத்துக்குள் இல்லை. சனத்தைக் கூட்டினார், தொழிலை வீடு வீடாகக் கொண்டுபோனார், எல்லாம் சரி. தோற்கச் சொன்னால் ஆயிரம் காரணம் சொல்வார் என்று கூட இருந்தவர்களே பேசினார்கள்.

கிறிஸ் பென்வாவை ஏன் விட்டீர்கள் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தெரிந்துதான் விட்டேன். 2007 இல் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றவர். அவருடைய சண்டைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நான் உட்கார்ந்து ரசிக்கமாட்டேன்.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் வேறு உலகம். 1954 இல் ஜப்பானில், போரில் தோற்ற சனம் தெருவில் வைத்த டிவியைச் சுற்றி ஆயிரக்கணக்கில் நின்று பார்த்தது ரிக்கிடோசானை. பெரிய அமெரிக்கர்களைக் கையால் வெட்டி வெட்டிச் சாய்ப்பார். அவர் பிறந்தது கொரியாவில் என்பது அந்தச் சனத்துக்கு அப்போது தெரியாது. ஒரு வீட்டு டிவிக்கு முன்னால் ஒழுங்கை முழுக்கக் கூடியிருந்து பார்த்த நம்மவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிது இல்லை. மெக்சிக்கோவின் எல் சாந்தோ வெள்ளி முகமூடியைச் சனத்துக்கு முன்னால் கிட்டத்தட்டக் கடைசிவரை கழற்றாமலே வாழ்ந்து, 1984 இல் முகமூடியோடுதான் புதைக்கப்பட்டார். இவர்கள் இருவரையும் என் வரிசையில் சேர்க்கவில்லை. அவர்கள் நாட்டுச் சனத்துக்கு அவர்கள் யார் என்பதை இங்கே இருந்து அளப்பது சரியில்லை. ஆனால் ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவாவுக்கு ஏழாம் இடம். அவர் வாங்கிய அடிகள் கணக்கில்லாதவை. 2009 இல் ஹிரோஷிமாவில் றிங்குக்குள்ளேயே விழுந்து அன்றிரவே காலமானார். பொய்ச்சண்டை என்பவர்கள் அந்தச் செய்தியை வாசிக்க வேண்டும்.

எட்டாவது, மனாமி டொயோட்டா. 90களில் ஜப்பானியப் பெண்கள் போட்ட சண்டைகளுக்கு முன்னால் அன்றைய அமெரிக்க ஆண்கள் பலர் நிற்க முடியாது. நம் வீடுகளில் அக்கா தங்கச்சிமாரும் சேர்ந்துதான் ரெஸ்லிங் பார்த்தார்கள். யார் பெரியவர் என்று அவர்களை மட்டும் எவரும் கேட்டதில்லை. மிக் ஃபோலி ஒன்பது. 1998 இல் கூண்டின் உச்சியில் இருந்து அண்டர்டேக்கர் அவரை மேசை மேல் தள்ளிவிட்டதை நான் விளக்கத் தேவையில்லை.

பத்தாவது ஜோன் சீனா. 2025 டிசம்பர் வரைக்கும் அவர் என் பட்டியலிலேயே இல்லை. இருபது வருடம் எவரிடமும் மடங்காத ஆள், பிள்ளைகளுக்குச் சலிப்பே வராத கதாநாயகன், பெரியவர்களுக்கு அதனாலேயே சலித்துப்போனவர். அந்த மாதம் 13 அன்று வொஷிங்டனில் கடைசிச் சண்டை. குந்தர் என்ற ஒஸ்திரியக்காரர் கழுத்தைப் பூட்டிப் பிடித்திருந்தார். "ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே" என்று சட்டையில் அச்சிட்டு விற்ற மனிதர், ஒரு புன்னகையோடு கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கொண்டார். அரங்கம் கூச்சல் போட்டது, சிலர் இன்னும் ஆறவில்லை. குந்தர் அன்றிரவு வாங்கிக்கொண்டு போன வெறுப்பு இன்னும் பல வருடங்களுக்கு அவருக்குச் சோறு போடும்.

அண்டர்டேக்கர் ஆட்கள் இனித் தொலைபேசி எடுக்கலாம். வணக்கம்.