மோடம் வழி வரும் மடலும் நம் புள்ளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையம் வீடுகளுக்கு வரும் முன்பே, ஒரு கணினி, கணினியின் தகவலைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் மோடம் என்ற கருவி, ஒரு தொலைபேசி இணைப்பு, இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பலர் தங்கள் வீட்டிலிருந்தே மடல் நிலையங்களை நடத்தினார்கள். அவற்றுக்குப் புல்லட்டின் போர்டு என்று பெயர், சுருக்கமாக பி.பி.எஸ். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பி.பி.எஸ்ஸைத் தொடங்கினார்கள். ஒருவர் பேசி முடித்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே நுழைய முடியும். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் இதில் ஒரு பெரிய காரியம் செய்தார். தொலைபேசிக் கட்டணம் குறையும் இரவு நேரத்தில் ஒரு பி.பி.எஸ். இன்னொன்றைத் தானாகவே அழைத்து மடல்களைக் கொடுத்து வாங்கும்படி நிரல் எழுதினார். அதுதான் ஃபிடோநெட். இரண்டொரு ஆண்டில் டல்லஸைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் எக்கோமெயிலைக் கொண்டுவந்தார். மடல்கள் தலைப்புவாரியாகப் பகுதிகளாக இருக்கும், ஓர் ஊரில் ஒரு பகுதியில் எழுதிய மடலை அந்தப் பகுதியில் சேர்ந்த எல்லா ஊர்க்காரர்களும் படிக்கலாம், பதில் போடலாம் என்று ஆயிற்று.

இன்றும் ஆர்வத்தின் பேரில் பி.பி.எஸ். நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வட்டுகளைத் தூசி தட்டி எடுத்து, அதிலுள்ள மடல்களைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த மாற்றும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எழுத்தை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு நகர்த்துவதில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மடலில் நாம் படிக்கிற பகுதி பெரும்பாலும் பத்திரமாக வந்துவிடும். தொலைவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கிற, திரையில் தெரியாத விவரங்கள்தான். அவை தொலைந்தால் மடல் அநாதையாகிவிடும்.

ஒரு மடல் எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். இரவில் மோடம் வழியாக வருவது சுருக்கப்பட்ட ஒரு கோப்பு. அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்தில் கிழமை இருக்கும். திங்கள் என்றால் எம்ஓ, செவ்வாய் என்றால் டியு, அதற்குப் பின் ஓர் எண். அதை விரித்தால் பொட்டலங்கள், அதாவது பல மடல்களை அடுக்கிய கோப்புகள். பொட்டலத்தின் முதல் 58 பைட்டில் அனுப்பிய நிலையம், பெறும் நிலையம், தேதி எல்லாம் இருக்கும். பின்னால் மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டாஸர் என்கிற நிரல் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய பகுதியில் போடும். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் செருகிய தபால் ஊழியர்களின் வேலைதான் இது.

சிக்கல் அந்த அறைகளில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு மென்பொருளும் மடலைச் சேமிக்கத் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருந்தது. ஆரம்ப வடிவத்தில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. எளிமைதான், ஆனால் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய கணினி திணறும். ஒரு கிலோபைட் கடிதம் வட்டில் நான்கு கிலோபைட்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆடம் ஹட்சனின் குவிக்பிபிஎஸ் வழியாக ஹட்சன் வடிவம் வந்தது. எல்லாப் பகுதியும் ஒரே கோப்புத் தொகுதிக்குள் இருக்கும், தேடல் வேகமாக நடக்கும். ஆனால் 200 பகுதிக்கு மேல் இடமில்லை, மொத்த எழுத்தும் 16 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. நிலையங்கள் வளர்ந்தபோது இது போதவில்லை. கனடாவின் ஸ்காட் டட்லி எழுதிய ஸ்க்விஷ், பின்னர் வந்த ஜாம், இரண்டும் பகுதிக்கு ஒரு தொகுதி என்று பிரித்து வைத்து அந்தத் தடையை உடைத்தன. ஆகவே பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் வடிவம் மாற வேண்டியிருந்தது.

மடல்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் மாற்று நிரலை நிறுவும்போது முதலில் கவனிக்க வேண்டியது, எந்த மடல் ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்ற குறிப்பு. ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்ற பழைய வடிவத்தில், எக்கோமெயில் பகுதியின் முதல் எண் கோப்பு பெரும்பாலும் மடலே அல்ல. இதுவரை எந்த எண் வரை அனுப்பியாயிற்று என்பதை டாஸர் அங்கேதான் எழுதி வைக்கும். விவரம் தெரியாத மாற்று நிரல் அதையும் ஒரு மடல் என்று நினைத்து இழுத்துப் போட்டுவிடும். குறிப்பு போய்விட்டதால் புதிய டாஸர் பகுதி முழுவதையும் புதுமடல் என்றே கருதும். அன்றிரவே ஆண்டுக்கணக்கான பழைய மடல்கள் அத்தனையும் வலையமைப்புக்குள் மறுபடி பாயும். அடுத்த நிலையத்துக்காரர் வெளியூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிய காலத்தில் இது அவர் சட்டைப்பையில் கைவைத்ததற்குச் சமம். எனவே மாற்றியவுடன் எல்லாப் பழைய மடலுக்கும் 'அனுப்பியாயிற்று' என்ற முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை மோடத்தின் கம்பியைப் பிடுங்கியே வைத்திருங்கள்.

அடுத்தது அடையாள வரிகள். மடலுக்குள்ளே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு தொடங்கும் வரிகள் உண்டு. ஒன்றில் அனுப்பிய நிலையத்தின் முகவரியும் எட்டு இலக்க வரிசை எண்ணும் இருக்கும். இன்னொன்று இது எந்த மடலுக்குப் பதில் என்று சொல்லும். மடல் எந்தெந்த நிலையங்களைக் கண்டது, எந்த வழியாக வந்தது என்பதற்கும் தனித்தனி வரிகள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சிலர் மாற்றும்போது இவற்றை உதறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே மடல் இரண்டு வழியாக வந்தால் ஒன்றைத் தள்ளுவதும், வட்டமடித்துத் திரும்பி வரும் மடலை நிறுத்துவதும் இந்த வரிகளை வைத்துத்தான். யார் எதை எங்கே வரை படித்தார் என்ற கணக்கும் முக்கியம். மாற்றத்தில் மடல் எண்கள் நகர்ந்துவிடும், அந்தக் கணக்கையும் சேர்த்து நகர்த்தாவிட்டால் படிக்க வருபவர் பாவம், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வேறொரு வலையமைப்போடு இணைக்கும் நுழைவாயில் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1980களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கிரஹாம்ஸ்டவுனில் (இன்று அதன் பெயர் மக்காண்டா) உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகம் வெளியுலகத்தோடு மின்னஞ்சல் பரிமாறியது ஃபிடோநெட் வழியாகத்தான். நிறவெறி அரசின் மீது தடைகள் இருந்த காலம் அது. அங்கிருந்து தொலைபேசி அழைப்பு போனது அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்துக்கு, ராண்டி புஷ் என்பவரிடம். மடல்கள் அங்கே வடிவம் மாறி இணையத்துக்குள் போயின. ஃபிடோநெட்டின் அடிப்படைத் தொழில்நுட்ப ஆவணத்தை எழுதியவரும் இதே ராண்டி புஷ்தான். ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் உலகத்தோடு பேசியது இந்த மாற்று நிரல்களை நம்பித்தான் என்று நினைக்கும்போது, இந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது. பதினாறின் அடிமான முறையில் 8டி என்று எழுதப்படும் பைட்டை, நிரல் தானாகப் போட்ட வரிமுறிவாக, அதாவது மென்வரிமுறிவாக, எடுத்துக்கொண்டு புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்துக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் ரஷ்யர்கள் டாஸில் பயன்படுத்திய குறியீட்டு முறையில் அந்த இடத்தில் இருந்தது அவர்களுடைய பெரிய 'ந்' எழுத்து. நிரல்கள் அதை விழுங்கிவிட்டன. ரஷ்ய ஃபிடோநெட்காரர்கள் வேறு வழியின்றி, பார்க்க அதேபோல இருக்கும் ஆங்கில எச் எழுத்தைப் போட்டு எழுதப் பழகினார்கள்.

இது நமக்கு எதற்கு என்றால், இன்று தமிழை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில், அதை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் எழுதுகிறோம். அதில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். நம் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியைப் பிரித்துப் பாருங்கள்: இ0, ஏஎஃப், 8டி. மூன்றாவது பைட் அதே 8டி! பழைய விதியை அப்படியே பின்பற்றும் ஒரு மாற்று நிரலில் தமிழ் மடலைக் கொடுத்தால், மற்ற எழுத்தெல்லாம் சேதமில்லாமல் வரும், புள்ளிகள் மட்டும் ஒன்று விடாமல் சிதையும். புள்ளி இல்லாத ஒரு பத்தித் தமிழை யாரால் படிக்க முடியும்?

பெயருக்கும் ஆபத்து உண்டு. பொட்டலத்தில் அனுப்புநர் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 36 பைட், முடிவுக்குறி ஒன்று போக 35. முத்துக்குமாரசாமி என்ற பெயருக்கு 51 பைட் வேண்டும். வெட்டினால் 'முத்துக்கும' வரை வந்து, அடுத்த குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நல்ல நிரல் முழு எழுத்தின் எல்லையில் வெட்டும்.

தமிழில் ஒரு பகுதி நடத்த நினைப்பவர்கள், மடலின் குறியீடு யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் அடையாள வரியை மாற்று நிரல் விடாமல் சேர்க்கிறதா, மென்வரிமுறிவை நீக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பிறகு ஒரு சோதனைப் பகுதியைத் திறந்து, வெளியே எங்கும் இணைக்காமல், மெய்யெழுத்து நிறைய வரும் நாலு வரியும் ஒரு நீளப் பெயரும் கொண்ட மடலைப் போடுங்கள். அதைப் பொட்டலமாக்குங்கள், மறுபடி பிரியுங்கள், பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் பார்வை நிரலில் இரண்டையும் பக்கத்தில் வைத்து பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஏஎஃப் வரும் இடத்திலெல்லாம் அடுத்த பைட் அசலில் இருந்தபடியே இருந்தால் புள்ளி பிழைத்தது. அதே பொட்டலத்தை இரண்டாவது முறையும் கொடுத்துப் பாருங்கள், டாஸர் அதை இரட்டை என்று தள்ள வேண்டும். இரண்டு சோதனையும் தேறிவிட்டதா, சரி, இனி மோடத்தின் கம்பியைச் செருகலாம்.

நன்றி, வணக்கம்.