பன்னிரண்டு ஓலைப் பெட்டிகள்: பாலர் வகுப்பில் ஐந்து அப்பம், இரண்டு மீன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் இந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் தொண்டை கட்டிக்கொண்டதால் இன்றுதான் உட்கார முடிந்தது. ராயபுரத்தில் எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் நான் எடுக்கும் பாலர் வகுப்பைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு மணி நேரம், ஒரு மின்விசிறி.

இந்த வாரப் பாடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும்: ஒரு பையன் கையில் இருந்த அந்தச் சாப்பாட்டை இயேசு ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்து கொடுத்த கதை. இதற்கென்று ஒரு கடையில் படத்தாள் வாங்கினேன், தாள் ஒன்றுக்கு இருபது ரூபாய். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் ஐந்து அப்பங்களுக்குப் பக்கத்தில் ஏழு கூடைகள் வரைந்திருக்கிறார்கள்! ஏழு கூடை என்பது நாலாயிரம் பேர் சாப்பிட்ட இன்னொரு சம்பவம். அங்கே அப்பங்களும் ஏழு. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட இடத்தில் மீந்தது பன்னிரண்டு கூடை என்று, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு சுவிசேஷங்களும் ஒருமித்துச் சொல்கின்றன. எண்களை அப்போதுதான் விரல்விட்டு எண்ணக் கற்கும் பிள்ளையின் கையில் தப்பான எண்ணைக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. பதினெட்டுத் தாள்களும் முந்நூற்று அறுபது ரூபாயோடு அலமாரியில் கிடக்கின்றன.

அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்ட வைப்பதை நான் எப்போதுமே விரும்பியதில்லை என்பதும், ஜிகினாத் தூளை வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை என்பதும் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதையில் எந்த இடத்தில் திருப்பம் இருக்கிறதோ, அந்த இடத்தில் பிள்ளையின் கைக்கு வேலை இருக்க வேண்டும். இந்தக் கதையில் அந்த இடம் எது என்று இரண்டு நாள் யோவான் ஆறாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டே இருந்தேன். "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்ற வசனத்தில் வந்து நின்றேன். பொறுக்குவது, போடுவது, நிரப்புவது, கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவது: மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த வேலை உண்டா?

அதனால் பன்னிரண்டு பெட்டிகள் வேண்டும். காகிதக் கோப்பை போதுமே என்று உடன் ஊழியம் செய்யும் அக்கா சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, கூடை என்றால் முடைந்ததாக இருக்க வேண்டும். பாரிமுனையில் ஈவ்னிங் பஜார் பக்கம் கைப்பிடி அளவு பனையோலைப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்று அறுபது ரூபாய் என்றார் கடைக்காரர். நாற்பத்தைந்துக்குப் பேசி முடித்தேன். ஆனால் அவரிடம் இருந்தவை ஒன்பதே ஒன்பது. மீதி மூன்றுக்காக அந்த வெயிலில் நான்கு கடைகள் ஏறி இறங்கி, கடைசிக் கடையில் ஐம்பது ரூபாய் வீதம் வாங்கினேன். மொத்தம் ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். பன்னிரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்படியே ஆண்டர்சன் தெருவில் பெரிய பழுப்புத் தாள் ஐந்தும் வாங்கிவிட்டேன். அவைதான் ஐந்து அப்பங்கள்.

வகுப்பறையில் பச்சைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்தேன், ஏனென்றால் ஜனங்கள் பசும்புல்லின்மேல் பந்தி பந்தியாக உட்கார்ந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கதை சொன்னது ஏழு நிமிடம், அதற்கு மேல் அந்த வயது தாங்காது. "இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்?" என்று இயேசுவின் சீஷன் அந்திரேயா கேட்கும் இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டு கைகளையும் விரித்து "எம்மாத்திரம்?" என்று கத்த வேண்டும். அந்தச் சொல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

மீனை விட்டுவிட்டேனே, சொல்கிறேன். அட்டையில் ஒரு முழ நீளத்துக்கு இரண்டு மீன்கள் வெட்டி வைத்திருந்தேன். காசிமேட்டில் இருந்து வரும் நான்கு வயதுப் பையன் அவற்றைத் தூக்கிப் பார்த்து, "டீச்சர், இது வஞ்சிரமா? இவ்ளோ பெரிசு அந்தப் பையன் எப்படித் தூக்குவான்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரி. யோவான் அங்கே எழுதும் கிரேக்கச் சொல் ஒப்சாரியோன், அப்பத்தோடு தொட்டுக்கொள்ளும் சிறு மீன். வாற்கோதுமை அப்பமும் ஏழைகளின் சாப்பாடு. அங்கேயே அட்டையை நெத்திலி அளவுக்கு வெட்டி அவன் கையில் கொடுத்தேன்.

பிறகு ஐந்து தாள்களையும் எடுத்து ஜெபித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கத்தரிக்கோல் கிடையாது, பசை கிடையாது, கிழிப்பது மட்டும்தான். முதலில் நீளமாகக் கிழித்தார்கள், பிறகு துண்டு துண்டாக, பிறகு கையில் கசக்கிக் கசக்கி. பத்து நிமிடத்தில் பச்சை விரிப்பே தெரியவில்லை. "இப்போது சேர்த்துவையுங்கள்" என்றதும் ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கினார்கள். நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துபோய் எடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக நிரம்ப நிரம்ப நாங்கள் சேர்ந்து எண்ணினோம். பன்னிரண்டும் தலைதட்டி நிறைந்தன. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை மட்டும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சுதானே இருந்துச்சு?" என்றாள். நான்கு மாதத்தில் அவள் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

காகிதத்தைக் கசக்கினால் இடம் அடைக்கும், அது நாம் செய்தது, இயேசு செய்தது அப்படி அல்ல என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மேசைக்கடியில் அப்பத்தை ஒளித்துவைத்து எடுத்துக் காட்டும் முறை சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அற்புதத்தை வித்தையாகக் காட்டினால், வித்தை புரிகிற வயதில் அற்புதமும் போய்விடும்.

இரண்டு விஷயங்களை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஓலைப் பெட்டியின் விளிம்பு பிஞ்சு விரலில் குத்தும், அதனால் முந்தின இரவே விளிம்பு முழுவதும் துணி நாடா வைத்துத் தைத்துவிட்டேன். அடுத்தது, வகுப்பின் முடிவில் வாற்கோதுமை ரொட்டி கொஞ்சம் பிட்டுக் கொடுத்தேன். உங்கள் வகுப்பில் செய்வதானால் எந்தப் பிள்ளைக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் முதலில் கேளுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு வாற்கோதுமையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வரும் ஞாயிறு சகேயு, கூட்டத்துக்கு நடுவே இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய குட்டையான மனிதன். அவன் ஏறியது காட்டத்தி மரம். ஆலய வளாகத்தில் இருப்பது ஒரு வேப்பமரம், அதில் ஏற்றுவதற்கு எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். மூன்று படி உள்ள மர ஸ்டூலைச் சுற்றி இலை கட்டலாமா என்று யோசிக்கிறேன். குட்டையான பிள்ளை மேலே ஏறி நின்று, கூட்டத்துக்கு மேலாக ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு வழி தெரிந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.