கோடு பொய் என்றால் நாடும் பொய்யா?

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் பற்றி நான் பேசிய உரையைக் கேட்டுவிட்டு ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: "எல்லை மனிதன் போட்ட கோடுதான் என்கிறீர்கள். அப்படியானால் நாடு, குடிமகன் என்கிற அடையாளமும் பொய்தானே?" இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

மனிதன் போட்டதுதான். அதற்காகப் பொய்யாகிவிடுமா? ரூபாய் நோட்டும் மனிதன் அச்சடித்ததுதான், கடைக்காரர் வாங்கிக்கொள்கிறாரே. நான் எப்போதும் சொல்வதையே திரும்பவும் சொல்கிறேன்: எல்லை நாட்டின் ஓரத்தில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்க்கிற மேசையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் வடக்கே கூச் பிஹார். 2015 வரை அந்தப் பக்கத்தில், வங்கதேசத்துக்குள் 111 இந்திய நிலத் துண்டுகள் இருந்தன, சுற்றிலும் வங்கதேச மண். அதேபோல இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். இந்தத் துண்டுகளைச் சிட்மஹால் என்பார்கள். ராஜாக்கள் சதுரங்கத்தில் பந்தயம் வைத்துத் தோற்ற கிராமங்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கூச் பிஹாரும் முகலாயர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில் விழுந்த சிக்கல் அது. 1947-இல் பிரிவினைக் கோடு போட்ட ராட்கிளிஃபை எதற்கு வேண்டுமானாலும் திட்டுங்கள், இதற்கு வேண்டாம். அதில் தஹாலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல்: வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடியும் இந்தியா!

சிரிப்பாக இருக்கிறது, சரி. அங்கே குடியிருந்தவர்களைப் பாருங்கள். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டில் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து இந்தியக் கிராமத்தில் யாரையாவது பிடித்து அவரை அப்பா என்று எழுதினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் கணவர் பெயர் கேட்டால் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். வீட்டில் ஓர் அப்பா, ரிஜிஸ்டரில் ஓர் அப்பா. உரிமைகளைப் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டும் என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் சொன்னது இதைத்தான். 1937-இல் ஜெர்மன் குடியுரிமை பறிபோய், 1951-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும்வரை நாடற்றவராக இருந்தவர் அவர்.

யாரைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு என்பார் அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர். வசதியான நாட்டில் பிறந்ததற்காக ஒருவருக்கு இத்தனை சலுகையா, இது பழைய பிரபுத்துவம் அல்லவா என்று இன்னொரு தத்துவ அறிஞர் ஜோசஃப் காரென்ஸ் மடக்குவார். எனக்குக் காரென்ஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் இந்த வாதம் பெரும்பாலும் வாசலில் வந்து நிற்கிறவரைப் பற்றியது. சிட்மஹால்காரர் எங்கேயும் போகவில்லையே! பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அந்நியர் ஆகிவிட்டார்.

2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. எந்த நாடு வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். (1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது அந்த மக்களைக் கலந்துகொள்ளவில்லை. அது தனி உரைக்கு உரிய விஷயம்.) இந்தியப் பக்கத்துத் துண்டுகளில் இருந்த சுமார் 14,000 பேரில் ஒருவர்கூட வங்கதேசம் போகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் சுமார் 37,000 பேரில் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. வந்தவர்களையும் முதலில் தின்ஹாட்டா, மெக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களில்தான் வைத்தார்கள்.

அன்பர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இந்தத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்திரா காந்தியும் வங்கதேசத்தின் ஷேக் முஜிபும் 1974-இலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே ஒப்புதல் கொடுத்தது. அதற்காக நம் நாடாளுமன்றம் 100-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற 2015 ஆயிற்று. ஏன் 41 ஆண்டுகள்? நாம் கொடுப்பது 17,160 ஏக்கர், வாங்குவது 7,110 ஏக்கர், பாரத மண்ணை விட்டுக்கொடுப்பதா என்று இங்கே எதிர்ப்பு. அந்த 17,160 ஏக்கருக்கு நாம் ஒரு மின்கம்பம் நட்டதில்லை, ஒரு வாக்குச்சாவடி வைத்ததில்லை.