தகரத்துக்கு உள்ளே பதினான்கு நாட்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொற்றுக் காலத்துக் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, எந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி என்று நான் திருப்பிக் கேட்டேன். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் தொடங்கிய ஊரடங்கைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச விரும்புவது அதற்குப் பின்னால் வந்தவற்றைப் பற்றி. மற்ற ஊர்கள் மெல்லத் திறந்துகொண்டிருந்தபோது நம் நகரத்துக்கு மட்டும், பிறகு நம் மண்டலத்துக்கு மட்டும், கடைசியில் நம் தெருவுக்கு மட்டும் என்று சில தடைகள் வந்தனவே, அவற்றைப் பற்றி. நாடே அடைபட்டுக் கிடந்தால் எல்லோருக்கும் ஒரே கதிதானே என்று மனம் ஆறிவிடும். அடுத்த தெருவில் பால்காரரின் மணிச் சத்தம் கேட்கும். நம் தெருவுக்குள் மட்டும் அவர் வரமாட்டார். அந்தத் தவிப்பு வேறு.

நான் மாநகராட்சிப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வடசென்னையில், இராயபுரம் மண்டலத்துக்குள் வரும் ஒரு சின்னத் தெருவில் குடியிருக்கிறேன். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சென்னையின் பதினைந்து மண்டலங்களில் தொற்று மிக அதிகமாக இருந்தது எங்கள் மண்டலத்தில்தான். எங்கள் தெருவில் மொத்தம் நாற்பத்திரண்டு வாசல்கள். அவற்றுள் ஒரு வாசலைத் தாண்டி உள்ளே போனால் எட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒண்டுக்குடித்தனம். எட்டுக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஓர் அடிபம்பு, இரண்டு கழிப்பறைகள். இந்த வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைப்பதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டும் நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவித்தார்கள். 26 முதல் 29 வரை. அறிவிப்பு வந்தது 24-ஆம் தேதி. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் அந்த ஒரு நாளில் கோயம்பேட்டுக்குப் போய்விட்டு வந்து, "கால் வைக்க இடமில்லை டீச்சர், மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்" என்றார். நகரம் முழுவதும் கடைவாசல்களில் இதே நெரிசல்தான். மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. சந்தையில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கும் நோய் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு நாள் நெரிசல்தான் இத்தனைக்கும் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவ அறிஞர்கள். ஆனால் நான்கு நாள் கூட்டத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவு, நான்கு நாளுக்கான கூட்டத்தை ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தது என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

ஜூன் மாதம் சற்று யோசித்துச் செய்தார்கள். சென்னையில் தொற்றுக் கண்டவர்களின் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டிவிட்டிருந்தது. சென்னைக்கும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் சில பகுதிகளுக்கும் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு என்று 15-ஆம் தேதியே முதலமைச்சர் அறிவித்தார். மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். வண்டி எடுக்காமல் நடந்துதான் போக வேண்டும். தேநீர்க் கடைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எதுவுமே கிடையாது. அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 1,000 ரூபாய். நடந்து போ என்ற அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. நடக்கிறவர் தூரம் போகமாட்டார், நிறைய வாங்கிக் குவிக்கமாட்டார். ஆனால் கிடைத்த நான்கு நாட்களில் ஊருக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்களின் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்குப் பன்னிரண்டு நாள் வாடகையும் சாப்பாடும் சென்னையில் எங்கிருந்து வரும்? ஊருக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும்.

நாங்கள் அந்த வரிசையில் இல்லை. அதற்குள் எங்கள் தெருவுக்குத் தகரம் வந்துவிட்டது.

ஜூன் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. சவுக்குக் கட்டைகளை நட்டு, தகரத்தை வைத்து ஆணி அடித்தார்கள். தெருவின் இரண்டு முனைகளிலும் ஆள் உயரத் தகரம். நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஒரு பதாகை. தொற்றுக் கண்ட வீடுகளின் கதவில், உள்ளே நுழையாதே என்று ஒரு காகிதம். நுழையாதீர்கள் என்றுகூட அச்சடிக்கவில்லையே என்று தமிழ் ஆசிரியையான எனக்கு உறுத்தியது. அந்தக் கதவுகளுள் ஒன்றின் பின்னால் இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்.

தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாண் வழியாகத்தான் பதினான்கு நாள் எங்கள் தெரு உயிர் வாழ்ந்தது. பால் பாக்கெட் அதில்தான் வந்தது. கீரைக்கட்டை நீட்டினால் தகர விளிம்பு கிழித்துவிடும். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, விளிம்பில் செருகிவிட்டான் ஒரு பையன். மாடி வீட்டுக்காரர்கள் வழக்கம்போலப் பையைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இந்த முறை அதைத் தகரத்துக்கு வெளியே வீசிப் பழகினார்கள்.

அந்த எட்டுக் குடும்ப வாசலுக்கு வருகிறேன். அங்கே ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவரை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் தனித்திருக்க வேண்டும், ஆறடி இடைவெளி விட வேண்டும், தனிக் கழிப்பறை பயன்படுத்த வேண்டும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அந்தக் காகிதத்தை எங்கே ஒட்டுவது? முதல் நாள் மாலை அந்தப் பெண்கள் என்னிடம் வந்து, தள்ளி நின்று கேட்டார்கள். "டீச்சர், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்." எனக்கும் வழி தெரியவில்லை. அவர்களே கண்டுபிடித்தார்கள்.

தண்ணீருக்கு ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும் என்று முடிவு செய்தார்கள். விடிகாலையில் ஒவ்வொரு வீட்டுக் குடமும் வரிசையில் வந்து உட்காரும். முன் குடத்துக்காரர் அடித்துத் தூக்கிக்கொண்டு போய், தன் கதவை ஒருமுறை தட்டுவார். அடுத்த வீட்டுக்காரர் வெளியே வருவார். பம்பின் கைப்பிடியைச் சோப்புத் தண்ணீரில் துடைப்பது அடித்தவரின் வேலை. கழிப்பறைச் சுவரில் நான் சாக்பீஸால் கட்டம் போட்டுக் கொடுத்தேன். எட்டுக் குடும்பம், எட்டு நேரம். வயிற்றுப்போக்கு வந்தால் நேரம் பார்க்கத் தேவையில்லை என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது பதினொரு வயதுப் பெண். அரசாங்கத்தின் ஆறடியை அவர்கள் மீறவில்லை. தங்கள் முற்றத்துக்குப் பொருந்தும்படி அதைத் திருத்தி எழுதினார்கள். அந்த வாசலில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குடங்களின் வரிசையை நான் மறக்கமாட்டேன்.

தானாக வழி பிறக்காத இடமும் இருந்தது. நான் சொன்ன பெரியவர் சர்க்கரை நோய்க்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். நான்காம் நாள் மருந்து தீர்ந்தது. பதாகையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. நாங்கள் மாறி மாறி அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தகரத்தை ஒட்டி நின்ற காவலரிடம் சொன்னால், தனக்கு ஆளை விடக்கூடாது என்றுதான் உத்தரவு, மருந்து வாங்க உத்தரவு இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த உத்தரவில் அது உண்மையிலேயே இல்லை.

வாங்கி வந்தது ஒரு பெண். மாநகராட்சி அப்போது பத்தாயிரத்துக்கும் அதிகமான களப்பணியாளர்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தது. தினமும் வீடு வீடாகப் போய் நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதுவது அவர்கள் வேலை. எங்கள் தெருவுக்கு வந்தவள் பட்டப்படிப்பு முடித்தவள். ஊரடங்கில் துணிக்கடை வேலை போய் இதற்கு வந்திருந்தாள். பெரியவரின் மருந்துச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு மருந்துக் கடைகளில் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது. இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும் என்று தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டு, அதில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்று அவள் மதியம் எதில் சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். தடை உத்தரவு தேவைதான். நோய் பரவும் காலத்தில் தெருவை அடைப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "வெளியே வரக்கூடாது" என்று ஒரு வரி எழுதினால், உள்ளே இருப்பவருக்கு மருந்தும் பாலும் யார் கையால், எத்தனை மணிக்கு வரும் என்று அடுத்த வரியையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். அந்த இரண்டாவது வரி இல்லாத உத்தரவு பாதி உத்தரவு. அந்தப் பாதியை நிரப்பும் பொறுப்பு சம்பளம் குறைந்த ஒரு பெண்ணின் மனசாட்சிக்குப் போய்விடுகிறது.

இந்தப் பாதி உத்தரவுக்கு வயது நூற்றுக்கு மேல். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, மறு ஆண்டே வெள்ளையர் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம். அரசு எதை வேண்டுமானாலும் தடுக்கலாம், மீறினால் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. அடைபட்டவருக்கான இழப்பீடு "ஏதேனும் இருந்தால்" என்று போகிற போக்கில் ஒரு சொல். அந்த ஆண்டு புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்ட விதத்தில் மக்கள் கொதித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 2020-இல் நம்மை அடைத்தபோதும் கையில் எடுத்த சட்டங்களில் அதுவும் ஒன்று.

தடையைக் காப்பது என்பது தடியைக் காட்டுவது என்று ஆகிவிட்டால் என்ன நேரும் என்பதையும் அதே ஜூன் மாதம் பார்த்தோம். சென்னையில் முழு ஊரடங்கு தொடங்கிய அதே 19-ஆம் தேதி, சாத்தான்குளத்தில் கைபேசிக் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; அவரைத் தேடிப்போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை இறந்தார். சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் குரல் நடுங்குகிறது. அந்தத் தடை எதற்காகப் போடப்பட்டது? உயிரைக் காப்பதற்காக.

இ-பாஸைப் பற்றியும் ஒரு சொல். அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இந்த இணைய அனுமதிச் சீட்டு வேண்டும்; அதற்குத் திருமணம், மரணம், மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் தாய் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் காலமானார். விண்ணப்பம் ஆவணம் கேட்டது. மூச்சு நின்று நான்கு மணி நேரத்தில் இறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? இரண்டு முறை நிராகரித்து, மூன்றாம் முறை அனுமதி வந்தபோது ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. கைபேசியில் மகன் காட்டிய சிதையைப் பார்த்து அவள் அழுதாள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது குடும்ப அட்டை எண்ணைக் கொடுத்தாலே அனுமதி என்று மாற்றினார்கள். செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்று விட்டார்கள். ஆகஸ்டில் முடிந்தது ஜூனில் ஏன் முடியவில்லை என்ற கேள்வியை அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதவில் ஒட்டிய காகிதத்துக்கும் பிறகு ஒரு முடிவு வந்தது. உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய, நோயாளியின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எங்கள் தெருக் காகிதங்கள் மழையில் கரைந்து போயிருந்தன. அந்தக் கதவில் பசையின் தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. பெரியவர் அதன்மேல் நாட்காட்டி மாட்டியிருக்கிறார்.

பதினைந்தாம் நாள் காலை தகரத்தைப் பிரித்தார்கள். நகரத்தில் முழு ஊரடங்கு நடந்துகொண்டிருந்ததால் போக இடம் ஒன்றும் இல்லை; ஆனாலும் குழந்தைகள் தெருமுனை வரை ஓடி, அங்கே தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வெப்பமானியோடு அந்தப் பெண் கடைசி முறையாக வந்தாள். வாசல் வாசலாக எல்லோர் நெற்றியிலும் காட்டி, என்னிடம் வந்தாள். பதினான்கு நாளில் உன்னை யார் பார்த்தார்கள் அம்மா என்று கேட்டேன். சிரித்தாள். கருவியை வாங்கி அவள் நெற்றிக்கு நேரே பிடித்தேன். 98.2 காட்டியது. நோட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, தன் பெயரையும் அந்த எண்ணையும் அவளே எழுதிக்கொண்டாள்.

வணக்கம்.