சம்பங்கிக்கு யூரியா: எப்போது, எவ்வளவு?

(காட்சி: கரும்பச்சை இலைகள் மண்டிய சம்பங்கிப் பாத்தி. ஒரு பூந்தண்டுகூட இல்லை.)

இலை செழித்து நிற்கிறது, பூதான் வரவில்லை. சம்பங்கி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பிடி யூரியாவை வீசிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று கிழங்கே சொல்லும்.

(காட்சி: நெடுக்காகப் பிளந்த கிழங்கு.)

வெள்ளையாக, சதைப்பற்றோடு அடுக்கடுக்காக இருப்பவை இலைகளின் அடிப்பகுதிகள். செடியின் சேமிப்பெல்லாம் இங்கேதான். நடுவிலுள்ள குருத்திலிருந்து பூந்தண்டு எழுகிறது. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதையொட்டி விளையும் பக்கக் கிழங்குகள் பருத்தால்தான் அடுத்த தண்டு. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கைப் பார்த்து நடச் சொல்வதும் இதனால்தான்.

யூரியா கொடுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது நேராகப் பூவைக் கொடுப்பதில்லை. அது இலையை வளர்க்கிறது. இலை வெயிலில் மாவுச்சத்தைத் தயாரித்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. தழைச்சத்து குறைந்தால் தண்டுகளும், தண்டுக்கு இத்தனை என்று வரும் பூக்களும் குறையும். மிகுந்தாலோ செடி இலை விடுவதிலேயே நின்றுவிடும். பூப்பது தள்ளிப்போகும், தண்டு வலுவிழந்து சாயும், இளசான இலையைத் தேடி அசுவினிப் பூச்சி வரும், ஈரம் தேங்கும் மண்ணில் கிழங்கு அழுகவும் கூடும்.

சரி, அளவு. எக்டருக்கு 200 கிலோ தழைச்சத்து என்பது பரவலான பரிந்துரை. ஏக்கருக்கு 80 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் ஏறக்குறைய 174 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் நான்கு. மணிச்சத்துக்காக டிஏபி உரம் போட்டிருந்தால் அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்தைக் கழித்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மொத்தத்தையும் நடும்போது, 60ஆம் நாள், 90ஆம் நாள் என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

(காட்சி: தேக்கரண்டியில் யூரியாக் குருணைகள்.)

வீட்டுத் தோட்டத்துக்கு இதே கணக்கைச் சுருக்கினால், 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட ஒரு செடிக்கு ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிராம் யூரியா வரும். கால் தேக்கரண்டிக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான்! ஒரு பிடி எத்தனை செடிக்கான உரம் என்று நீங்களே பாருங்கள். கிழங்கின்மேல் படாமல் சற்றுத் தள்ளிப் போட்டு, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். மேலாகக் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

ஏற்கெனவே இலை மண்டிய பாத்திக்கு யூரியாவை நிறுத்துங்கள். நிழல் விழுகிறதா, கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

இலை மஞ்சளானாலும் உடனே யூரியாவை எடுக்காதீர்கள். அடி இலைகள் முதலில் வெளுத்தால்தான் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாக இருக்க, புது இலை மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் தெளியுங்கள்.