இடது கையில் ஒரு திசைகாட்டி

(கிழக்கு லண்டனில் தமிழ்ப் பெற்றோர் கூடியிருந்த ஒரு மாலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

என்னை ஏன் இந்தத் தலைப்பில் பேசச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் பலருடைய வீட்டில் பதினாறு, பதினெட்டு வயதில் ஒரு பெடியன் இருக்கிறான். அவனுக்கு ஸ்டோன் ஐலண்ட் ஜக்கெட் வேணும். இடது கையில் சின்னதாக ஒரு பட்டி, அதில் திசைகாட்டிப் படம், இரண்டு பொத்தானில் கொழுவியிருக்கும். விலையைக் கேட்டால் நெஞ்சடைக்கும். அதையும் ஒருமாதிரித் தாங்கிக்கொண்டு இருக்கும்போது, வேலையிடத்தில் யாரோ ஒருவர், "அது ஹூலிகன்மார், உதைபந்தாட்டத்தில் சண்டை பிடிக்கிற கும்பல்காரர், போடுகிற உடுப்பெல்லோ" என்று சொல்லிவிடுகிறார். அன்றைக்குத் தொடங்குகிற வாக்குவாதம் வீட்டில் ஓய்வதில்லை.

சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையின் வால் மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. தலை வேறு பக்கம்.

1970களின் நடுப்பகுதியில் உதைபந்தாட்ட மைதானத்தில் சண்டைக்கு வருகிறவனைக் கண்டுபிடிப்பது பொலிசுக்குப் பெரிய வேலையே இல்லை. கனத்த பூட்ஸ், மழித்த தலை, கழுத்திலும் மணிக்கட்டிலும் கழகச் சால்வை. ரயில் நிலையத்தில் நின்றே பொறுக்கி எடுக்கலாம். அந்த நேரத்தில்தான் லிவர்பூல் கழகம் ஐரோப்பாவை வெல்லத் தொடங்குகிறது. 1977இல் ரோமில் ஐரோப்பியக் கிண்ணம், 1981இல் பாரிஸில் இன்னொன்று. அணிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ரயிலிலும் கப்பலிலும் போனார்கள். போன இடத்தில் இங்கிலாந்துக் கடைகளில் கிடைக்காத அடிடாஸ் சப்பாத்துகளையும், லக்கோஸ்ட், ஃபீலா, செர்ஜியோ தக்கீனி உடுப்புகளையும் கண்டார்கள். சிலர் காசு கொடுத்து வாங்கினார்கள். பலர் கொடுக்கவில்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அவர்களே இன்று வயதான காலத்தில் பெருமையாகச் சொல்கிற கதை அது.

அந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். லக்கோஸ்ட் ஒரு பிரெஞ்சு ரெனிஸ் வீரர். தக்கீனி ஓர் இத்தாலிய ரெனிஸ் வீரர். ஃபீலாவைப் போட்டு விளையாடியவர் சுவீடன் ரெனிஸ் வீரர் பியோன் போர்க். பிறகு வந்த பிரிங்கிள், லைல் அண்ட் ஸ்கொட் இரண்டும் கோல்ஃப் மைதானத்து உடுப்புகள். துறைமுகம் நொடிந்து, தொழிற்சாலைகள் மூடி, 1981இல் டொக்ஸ்டெத் என்ற பகுதியில் கலவரம் வெடித்த நகரம் லிவர்பூல். 1982இல் நாடு முழுக்க வேலையில்லாதோர் முப்பது லட்சத்தைத் தாண்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன், தன்னை வாசலுக்குள்ளேயே விடாத ரெனிஸ் கழகத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். வேலையில்லாதவன் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்களோ, அப்படித் தோற்றமளிக்க அவன் மறுத்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மன்செஸ்டரிலும் அதே காலத்தில் ஒரு கூட்டம் இருந்தது. ஃப்ரெட் பெரி சேர்ட் போடுவதால் 'பெரி பாய்ஸ்' என்று பெயர். அந்த ஃப்ரெட் பெரி யார்? 1934 முதல் 1936 வரை தொடர்ந்து மூன்று வருடம் விம்பிள்டனை வென்றவர். பக்கத்து ஸ்டொக்போர்ட்டில் பிறந்த தொழிலாளி வர்க்கத்துப் பிள்ளை. பணக்கார ரெனிஸ் உலகம் அவரை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவேயில்லை. அந்தப் பெடியன்கள் இதெல்லாம் தெரிந்து அந்தச் சேர்ட்டைத் தேர்ந்தார்களோ தெரியாமல் தேர்ந்தார்களோ, பொருத்தம் பிழைக்கவில்லை.

இனி மறுபக்கம். கழகச் சால்வை இல்லாமல், ஒழுங்காக வெட்டிய தலைமுடியோடு, விலை உயர்ந்த ஸ்வெட்டரில் வருகிறவனைப் பொலிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் தேடியது பூட்ஸ் போட்டவனை. இந்த ஓட்டையைச் சண்டைக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். நாம் இருக்கிற இந்தப் பகுதியையே எடுங்கள். 2016 வரை வெஸ்ட் ஹாம் மைதானம் அப்டன் பார்க்கில், க்ரீன் ஸ்ட்ரீட்டில்தான் இருந்தது. அந்தக் கழகத்தின் பின்னால் திரிந்த கும்பலுக்கு 'இன்டர் சிற்றி ஃபேர்ம்' என்று பெயர். ரசிகர்களுக்கென்று விட்ட விசேட ரயில்களில் பொலிஸ் நிற்கும் என்று தெரிந்து, சாதாரண இன்டர்சிற்றி ரயிலில் பயணிகளோடு பயணியாகப் போனார்கள். அடித்துப் போட்ட ஆளின் மேல், "வாழ்த்துகள், நீங்கள் எங்களைச் சந்தித்துவிட்டீர்கள்" என்ற பொருளில் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டு வந்தார்கள். நஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சிக்காரர் மைதான வாசல்களில் பத்திரிகை விற்ற காலமும் அதுதான். எங்களைப் போன்ற நிறத்தவர்கள் சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவைத் தவிர்த்ததற்குக் காரணம் இருந்தது. ஆகவே, எல்லாம் ஊடகம் ஊதிப் பெருப்பித்தது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

1985. மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வோல் ரசிகர்கள் கதிரைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மே 11இல் பிராட்ஃபோர்ட்டில் பழைய மரப் பார்வையாளர் மேடை தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். மே 29இல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள். பிராட்ஃபோர்ட் தீக்கும் வன்முறைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினார்கள். உதைபந்தாட்டம் என்பது சேரி மைதானங்களில் சேரிச் சனம் பார்க்கிற சேரி விளையாட்டு என்று சண்டே டைம்ஸ் தலையங்கம் எழுதியது. அரசு ரசிகர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் திட்டம் போட்டது. ரசிகர்களைப் புல்தரையிலிருந்து மறித்த இரும்பு வேலிகள் அப்படியே நின்றன.

அந்த வேலிக்குள்தான் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் சனம் நசிந்தது. இறந்தவர்கள் 97 பேர். கடைசியானவர், அன்று பட்ட காயத்தின் விளைவாக, 2021இல் இறந்தார். மிக இளையவருக்கு வயது பத்து. வெளிக்கதவைத் திறக்கச் சொன்ன பொலிஸ் அதிகாரியே, ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்றே பொய் சொன்னார். இறந்தவர்களின் இரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்த்தார்கள், பிள்ளைகளையும் விடவில்லை. பொலிசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதை 2012இல் சுயாதீனக் குழு வெளிக்கொண்டு வந்தது. ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்று மரண விசாரணையின் ஜூரி சபை சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜக்கெட்டைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் இதைச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். வேலியில் முகம் அழுந்தி உதவி கேட்டவர்களைப் பார்த்த கண்களுக்கு, அது மைதானத்துக்குள் பாயப் பார்க்கும் கூட்டமாகத் தெரிந்தது. வருகிறவன் யார் என்று முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்கள்.

இப்போது அந்தத் திசைகாட்டிக்கு வருவோம். மாசிமோ ஒஸ்தி என்ற பொலோன்யா நகரத்து வடிவமைப்பாளர் 1982இல் தொடங்கியது ஸ்டோன் ஐலண்ட். லொறியை மூடுகிற படங்குத் துணியைப் பார்த்துத்தான் முதல் ஜக்கெட்டுக்கான துணி பிறந்தது. அவருடைய யோசனையில் உதைபந்தாட்டம் இல்லை. இங்கிலாந்தில் அது மைதானத்துக்குப் போனது. பொலிசின் கண்ணில் படாமல் இருக்கத் தொடங்கிய உடுப்பு வழக்கம், இந்தப் பட்டி வந்தபிறகு தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளமாகிவிட்டது. மதுச்சாலை வாசலில் சிலர் பட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். பர்பரி என்ற இங்கிலாந்து உடுப்புக் கம்பனிக்கும் இதே கதி. 2004 அளவில் லெஸ்டரில் சில மதுச்சாலைகள் அந்தக் கட்டம் போட்ட தொப்பிக்காரரை உள்ளே விடவில்லை. கடைசியில் கம்பனியே அந்தத் தொப்பியை நிறுத்தியது. ஸ்டோன் ஐலண்டை மொங்க்ளர் கம்பனி 2020இல் 115 கோடி யூரோ மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தது. சண்டைக்காரரை நம்பி யாரும் அவ்வளவு பணத்தைப் போடுவதில்லை. ராப் பாடகர்களும் போடுகிறார்கள், உங்கள் மகனும் போடுகிறான்.

ஆனால் பார்வை அவ்வளவு கெதியில் மாறுவதில்லை. 2008 நவம்பரில் மன்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஸ்டோக் ரசிகர்கள் சுமார் 80 பேர், இர்லம் என்ற இடத்தில் ஒரு மதுச்சாலையில் அமைதியாக இருந்தார்கள். பொலிஸ் அவர்களை அங்கேயே மறித்து வைத்து, பஸ்ஸில் ஏற்றித் திரும்ப ஸ்டோக்குக்கு அனுப்பியது. ஆட்டம் பார்க்க விடவில்லை. பிறகு நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. இதற்கு நேர்மாறு 2004இல் போர்த்துக்கலில், நாடுகளுக்கிடையிலான ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டியின்போது நடந்தது. நகரப் பொலிஸ் தலைக்கவசமும் கேடயமும் இல்லாமல் ரசிகர்களிடையே நடந்து, பேசி, பார்த்து நின்றது. ஆட்டம் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய குழப்பமில்லை. வேறொரு படை பழைய முறையில் காவல் காத்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் கலவரம் நடந்தது. போன சனம் ஒரே சனம்தான்.

அம்மாமார் கேட்பீர்கள், அப்போ எதற்குத்தான் பயப்பட வேணும் என்று. சட்டத்தைச் சொல்கிறேன். புகைக்குண்டையோ தீச்சுடரையோ மைதானத்துக்குள் கொண்டு போவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே பற்ற வைக்கத் தேவையில்லை, சட்டைப்பையில் இருந்தாலே போதும். புல்தரையில் இறங்குவது, பொருள் எறிவது, இனவெறிக் கோஷம் போடுவது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகின்றன. இவற்றில் ஒன்றுக்குத் தண்டனை பெற்றால் அது அநியாயமாகும் என்று கருதினாலொழிய நீதிமன்றம் மைதானத் தடையும் போட்டே ஆகவேண்டும். குறைந்தது 3 வருடம், சிறைத் தண்டனையோடு வந்தால் 10 வரை. வெளிநாட்டு ஆட்டங்களின்போது கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியும் வரும். 2022 முதல் இணையத்தில் வீரர்களை இனவெறியோடு ஏசுவதும், கொக்கேய்ன் போன்ற போதைப்பொருளோடு ஆட்டத்துக்குப் போவதும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டன.

சனிக்கிழமை காலை மகன் வெளிக்கிடும்போது கையிலுள்ள பட்டியை விட்டுவிடுங்கள். பைக்குள் என்ன இருக்கிறது, கூடப் போகிற சிநேகிதன் யார், இவற்றைக் கேளுங்கள். ஜக்கெட்டின் விலை பற்றிய சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். இனி உங்கள் கேள்விகள்.