ஆண் பூனைக்கு சயின்ஸ் பேரு வைக்கணுமா? பிசிக்ஸ் பேப்பர் எழுதின பூனையைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

1975 நவம்பர்ல பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ங்கிற பிசிக்ஸ் ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு. பிசிக்ஸ் படிக்கிறவங்ககிட்ட கேளுங்க, அதுல ஒரு பேப்பர் வர்றது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லுவாங்க. அந்த பேப்பருக்கு ரெண்டு ஆசிரியர்கள். ஒருத்தர் ஜேக் ஹெதரிங்டன், மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. இன்னொருத்தர் எஃப்.டி.சி. வில்லார்ட். இந்த வில்லார்டுக்கு நாலு காலு, ஒரு வாலு.

வணக்கம் மக்களே! போன வீடியோல எங்க வீட்டுக்கு வந்த ஆரஞ்சு குட்டியைக் காட்டினேன்ல, வெட் டாக்டர் பாத்துட்டு ஆண் குட்டிதான்னு சொல்லிட்டாரு. ஆரஞ்சு பூனைல பெரும்பாலும் ஆண்தான், அந்த கலருக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆணுக்கு இருக்கிறதே ஒரு எக்ஸ், அதுல இருந்தா போதும், பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ்லயும் இருந்தாதான் முழு ஆரஞ்சு. சரி, இப்ப பேரு. சயின்ஸ் பேருதான் வைக்கணும்னு நான் பிடிவாதமா இருக்கேன்.

நீங்க எல்லாரும் முதல்ல சொல்லப்போறது ஷ்ரோடிங்கர், பூனைக் கதையால பிரபலமான பிசிக்ஸ் விஞ்ஞானி. வேண்டாங்க. 1935ல அவர் சொன்னது மனசுக்குள்ளயே பண்ணிப் பாக்குற ஒரு கற்பனைச் சோதனை, நிஜமா ஒரு பூனையும் கிடையாது, அந்தக் கற்பனைப் பூனையையும் விஷத்தோட பெட்டில போட்டு மூடியிருக்காரு. ஆசையா வளர்க்கிற புள்ளைக்கு அந்தப் பேரு வைக்க எனக்கு மனசு வரல.

ஃபெலிக்ஸ்? அழகான பேரு. 1963 அக்டோபர் 18ல பிரான்ஸ் விண்வெளிக்கு அனுப்பின பூனையை பத்திரிகைகள் அப்படித்தான் எழுதிச்சு, ஆனா போனது ஒரு பெண் பூனை, அதனால ஃபெலிசெட்ன்னு மாத்தினாங்க. அந்தப் பேரு அவளோடது, விட்டுடுவோம். கோப்பர்நிகஸ்? வானியல் விஞ்ஞானி எட்வின் ஹபிள் தன்னோட கறுப்புப் பூனைக்கு, பழைய காலத்து வானியல் அறிஞர் நிக்கோலஸ் கோப்பர்நிகஸ் பேரை வச்சாரு, சூப்பர்தான், ஆனா பால் ஊத்திட்டு வாசல்ல நின்னு "கோப்பர்நிகஸ்"னு நாலு தடவை கூப்பிட்டுப் பாருங்க, வாய் வலிக்கும்.

இப்ப வில்லார்டுக்கு வருவோம், இதைச் சொல்லத்தான் நான் துடிச்சுக்கிட்டிருக்கேன்.

ஹெதரிங்டன் தனியா உக்காந்து ஒரு பேப்பர் எழுதினாரு. ஹீலியம்-3ன்னு ஒரு பொருள், அதை உறைய வச்சா அதோட அணுக்கள் ரெண்டு ரெண்டா, மூணு மூணா, நாலு நாலா எப்படி இடம் மாறிக்குதுன்னு கணக்கு, அவ்ளோதான், அதுக்குள்ள போக வேண்டாம். முழுசா டைப் அடிச்சு முடிச்சு கூட வேலை பாக்குறவர்கிட்ட படிக்கக் குடுத்தாரு. அவர் படிச்சுட்டு, பேப்பர் நல்லாருக்கு, ஆனா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொல்லிட்டாரு. ஏன்னா பேப்பர் முழுக்க "நாங்க" "நாங்க"ன்னு இருக்கு, எழுதினது ஒரே ஆளு, அந்த ஜர்னல்ல அது ஆகாது. இன்னைக்குன்னா ஒரு நிமிஷத்துல மாத்திடலாம், அப்ப டைப்ரைட்டர் காலம், "நாங்க"வை "நான்" ஆக்கணும்னா மொத்தத்தையும் முதல்லேருந்து அடிக்கணும். அவர் என்ன பண்ணாரு தெரியுமா, "நாங்க"வைத் தொடவே இல்ல, ஆளை ஒண்ணு கூட்டிட்டாரு! வீட்ல செஸ்டர்னு ஒரு சயாமீஸ் பூனை இருந்துச்சு. செஸ்டர்னு போட்டா டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சிடும், அதனால இனிஷியல் வச்சாரு. எஃப்.டி.ன்னா ஃபெலிஸ் டொமஸ்டிகஸ், வீட்டுப்பூனை. சி.ன்னா செஸ்டர். வில்லார்ட் செஸ்டரோட அப்பா பேரு. அப்பன் பேரைச் சேத்துக்கிற பூனை, நம்ம ஊர் இனிஷியல் மாதிரியே, இதைப் படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

பேப்பர் வந்துடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு யாரோ ஹெதரிங்டனைப் பாக்க யுனிவர்சிட்டிக்கு வந்திருக்காங்க, அவர் இல்ல, சரி அப்ப வில்லார்டைப் பாக்கலாமான்னு கேட்டிருக்காங்க, எல்லாரும் சிரிச்சதுல விஷயம் வெளிய வந்துடுச்சு. அப்புறம் பேப்பரோட சில பிரதிகள்ல ஹெதரிங்டன் கையெழுத்து ஒரு பக்கம், பூனையோட பாதத்தடம் ஒரு பக்கம். அதோட நிக்கல, 1980ல லா ரெஷெர்ஷ்னு ஒரு பிரெஞ்சு பத்திரிகைல வில்லார்ட் பேர்ல மட்டும் ஒரு கட்டுரை, கூட்டு ஆசிரியரே கிடையாது!

அப்ப வில்லார்ட்னே வச்சுடலாம்ல? நானும் ரெண்டு நாள் அப்படித்தான் கூப்பிட்டேன். அப்புறம் மின்சாரத்துல பெரிய பெரிய கண்டுபிடிப்பு பண்ணின நிக்கோலா டெஸ்லாவோட பூனையைப் பத்திப் படிச்சேன், மனசு மாறிடுச்சு.

டெஸ்லா 1939ல, எண்பது தாண்டின வயசுல, ஒரு சின்னப் பொண்ணுக்கு லெட்டர் எழுதுறாரு. அவர் குட்டிப் பையனா ஸ்மில்யான் கிராமத்துல, இப்ப குரோஷியா, இருந்தப்ப வீட்ல மாச்சக்னு ஒரு பூனை. நல்ல குளிர், காத்துல ஈரமே இல்ல, இருட்டுற நேரம். மாச்சக் முதுகைத் தடவுறாரு, முதுகு மேல அப்படியே வெளிச்சம் படருது, கைல இருந்து சடசடன்னு பொறி பறக்குது! அப்பா சொல்றாரு, இது மின்சாரம்டா, மழைல மரத்துக்கு நடுவுல மின்னல் பாக்கிறியே அதேதான். அம்மா பூனையோட விளையாடினது போதும், தீப்பிடிச்சிடப்போகுதுங்கிறாங்க. பையன் யோசிக்கிறான், இயற்கையே ஒரு பெரிய பூனையா? அப்படின்னா அது முதுகைத் தடவுறது யாரு? எண்பது வருஷம் கழிச்சும் அந்த மனுஷனுக்கு இது மறக்கல பாருங்க, எனக்குப் படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. சென்னைல தடவிப்பாத்துட்டு பொறி வரலன்னு கமெண்ட் போடாதீங்க, காத்துல ஈரம் இருந்தா உரசுறப்ப சேர்ற மின்சாரம் நிக்காம கசிஞ்சிடும். வறண்ட குளிர் வேணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மாச்சக்குன்னா அவங்க மொழில என்ன அர்த்தம் தெரியுமா? ஆண் பூனை. அவ்ளோதான். தமிழ்ல அதுக்கு நம்மகிட்ட தனி வார்த்தையே இருக்கு, கடுவன்!

பேருக்குக் காது குடுக்குமான்னு கேப்பீங்க. 2019ல ஜப்பான்ல சோஃபியா யுனிவர்சிட்டில அட்சுகோ சைட்டோ டீம் சோதிச்சிருக்காங்க, ஒரே நீளத்துல வேற வேற வார்த்தையா சொல்லிட்டே வந்து கடைசில பூனையோட பேரைச் சொன்னா, காதைத் திருப்புது, தலையை அசைக்குது. எங்காளு நேத்து சாயங்காலம் ஃப்ரிட்ஜ் மேல படுத்திருந்தான், "டேய் கடுவா"ன்னேன், இடது காது மட்டும் திரும்புச்சு. எனக்கு அது போதும்.

உங்க வீட்டு ஆண் பூனை பேரு என்ன, எதுக்கு அந்தப் பேருன்னு கீழ எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன். வில்லார்ட்ங்கிற பேரு இன்னும் காலியாத்தான் இருக்கு, யாருக்காவது வேணும்னா எடுத்துக்கோங்க.